சிறுத்தை வளர்த்த என் மகள்

என் மகளை ஓநாய் வளர்த்தது என்கிற செய்தி எனக்கு முதன்முதலில் தெரியவந்தது கம்பெனி கேண்டீனில். சாம்பார் சாதத்துக்கு அப்பளம் வைக்கிறார்களா என்று வரிசையில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காருக்குள் ஓடும் வயர்களைச் செய்கிற கம்பெனி எங்களுடையது. பலகையில் வயர்களை அந்தந்த வழியில் இழுத்துவிட்டு, கொத்தாகச் சேர்த்து டேப் சுற்ற வேண்டும். லைனில் எல்லாரும் பெண்கள். ஒருத்தி சுணங்கினால் அடுத்தவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டிவரும் என்பதால் லைனுக்குள் பேச்சு கிடையாது. செல்போனும் கிடையாது, லாக்கரில் வைத்துவிட வேண்டும். அரை நாள் அடக்கிவைத்த பேச்சும் அரை நாள் பார்க்காத வாட்ஸப்பும் சேர்ந்து சாப்பாட்டு நேரத்தில்தான் அவிழும்.

அன்றைக்குப் பேச்சை அவிழ்த்தவள் என் பக்கத்து இடத்துக்காரி. மதுரைப் பக்கத்துப் பெண், குன்றத்தூரில் ரூம் எடுத்துத் தங்கியிருப்பவள்.

"இங்கிட்டு ஒரகடம் காட்டுக்குள்ள ஒரு புள்ளைய மீட்டுருக்காங்களாம். ஓநாய் வளத்துச்சாம். நாலு கால்லதான் போகுதாம்."

"ஒரகடத்துல காடு எங்க இருக்கு? கம்பெனி காம்பவுண்டும் மனைக்கல்லும்தான இருக்கு" என்றேன். எனக்கு இந்த மாதிரிச் செய்திகள் மேல் எப்போதும் எரிச்சல்தான்.

"நம்பலைன்னா நீயே பாரு" என்று, சாப்பிட உட்கார்ந்ததும் போனை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

சோகமான வயலின் இசையோடு வீடியோ ஓடியது. சேறும் சாணியுமான தரை. சுற்றிலும் பழுப்பு நிறக் கால்கள், ஒரு வால், ஒரு வயிறு. நடுவில் ஒரு குழந்தை கையையும் காலையும் ஊன்றித் தொட்டிக்குள் தலையை விட்டிருந்தது. பிறகு தலையைத் தூக்கியது. வாயில் ஒரு கொத்து அகத்திக்கீரை. மஞ்சள் ஃப்ராக், அதில் வாத்துப் படம், இடது தோளில் நான் பச்சை நூலால் போட்ட தையல். வீட்டில் மஞ்சள் நூல் தீர்ந்துபோயிருந்தது.

"பெத்தவ எங்க இருக்காளோ, பாவி" என்றாள் மதுரைக்காரி.

அந்தப் பாவி உன் தட்டிலிருந்து அப்பளம் எடுத்துத் தின்றுகொண்டிருக்கிறாள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. வீடியோவுக்குக் கீழே யார் யாரோ அந்தத் தாயை என்ன செய்யலாம் என்று யோசனை எழுதியிருந்தார்கள். ஒவ்வொன்றாகப் படித்தேன். சிரிப்பும் வந்தது, காது மடலெல்லாம் சுட்டது. அவர்கள் வீட்டுப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒருவரையாவது கேட்டுவிட வேண்டும் போலிருந்தது.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஏறியபோது ஓநாய் சிறுத்தையாகியிருந்தது. முன்சீட்டுப் பெண் தெளிவாகச் சொன்னாள், சிறுத்தை தினமும் விடியற்காலையில் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகுமாம், வனத்துறை கூண்டு வைத்திருக்கிறதாம். சிறுத்தை எந்த ஷிப்டுக்கு வரும் என்று கேட்டேன். அவள் முறைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

உண்மை என்னவென்றால், என் மகளை வளர்த்தது ஆடு. அதுவும் முழுதாக இல்லை, பகலில் மட்டும்.

நாங்கள் இருப்பது வடக்குப்பட்டில், ஆடு வைத்திருக்கிற ஒரு வீட்டின் பின்பக்கத்து ரூமில். எனக்கு ஜெனரல் ஷிப்ட். என் கணவருக்கு வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். அவருக்குக் காலை ஷிப்ட் வந்தால் இரண்டு பேரும் வெளியே, இரவு ஷிப்ட் வந்தால் பகலெல்லாம் அவர் கட்டையாகக் கிடந்து தூங்குவார். அங்கன்வாடியில் கேட்டால் இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்றார்கள். அப்போதுதான் ஹவுஸ் ஓனர் அக்கா கையை நீட்டினாள்.

"இன்னாத்துக்கு ரோசன பண்ணினு நிக்கிற? கொயந்தய இங்க உட்டுட்டுப் போ. நான் இன்னா வேலைக்கா போறேன்."

அவள் வேலைக்குப் போகவில்லை என்றுதான் பெயர். சாணி அள்ளுவதும் தழை ஒடிப்பதும் சமைப்பதும் துவைப்பதுமாகக் காலில் சக்கரம் கட்டியிருப்பவள். வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில் கேட் கிடையாது. ரோட்டிலோ கண்டெய்னர் லாரிகள் இடைவெளி விடாமல் போகும். அந்த வளவிலேயே நாலு பக்கமும் அடைப்பு இருந்த ஒரே இடம் ஆட்டுப்பட்டி. பெரிய ஆடுகளைக் காலையில் ஓனர் அண்ணன் ஏரிக்கரைக்கு ஓட்டிப் போய்விடுவார். மேயப் போக வயதில்லாத குட்டிகள் பட்டியில் கிடக்கும், கூடவே ஈன்று சில நாளே ஆன ஒன்றிரண்டு ஆடுகளும். அக்கா ஒரு மூலையில் கோணியை விரித்து என் மகளையும் அங்கே விட்டாள். முதல் நாள் வேலை முடிந்து வந்து பார்த்தேன். மகள் ஒரு செவலைக் குட்டியின் வயிற்றில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வீட்டுத் தொட்டிலில் அப்படி ஒரு நாளும் தூங்கியதில்லை.

அப்புறம் அவள் ஆட்டுக் குணங்களை ஒவ்வொன்றாகப் பழகினாள். நடக்கத் தெரிந்தும் பட்டிக்குள் போனால் நாலு காலில்தான் போவாள். கீரையைப் பச்சையாக மெல்லுவாள், எனக்குத் தெரிந்து அவளுக்கு ஒரு நாளும் வயிறு கெட்டதில்லை. ஒன்றரை வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. அக்கா ஆடுகளை ஓட்டும்போது நாக்கை மடித்து ட்ர்ர்ர் என்று ஒரு சத்தம் போடுவாள், அது மட்டும் அச்சு அசலாக வந்தது. குக்கர் விசில் அடித்தால் அடுப்பைப் பார்த்து ட்ர்ர்ர் என்பாள். அப்பா குறட்டை விட்டால் அவரையும் அப்படித்தான் ஓட்டுவாள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது முட்டு. ஒருவரைப் பிடித்துவிட்டால் தலையைத் தாழ்த்தி வந்து நெற்றியால் மெல்ல ஒரு முட்டு முட்டுவாள். முத்தம், கட்டிப்பிடிப்பு எல்லாம் அவளுக்குத் தெரியாது. முட்டு வாங்கியவர்கள் மொத்தமே நாலு பேர்தான், நான், அவள் அப்பா, ஓனர் அக்கா, ஓனர் அண்ணன். ஆடுகள் கணக்கில் வராது.

எனக்கு இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஏரிக்கரையிலிருந்து ஆடுகள் திரும்புவதும் எங்கள் கம்பெனி பஸ் வருவதும் ஒரே நேரம். ஆடுகளுக்குப் பின்னாலேயே நானும் வளவுக்குள் நுழைவேன். பட்டியில் குட்டிகளெல்லாம் கத்திக்கொண்டு வாசல் தட்டியான படலை முட்டும். அக்கா படலைத் திறந்ததும் ஒவ்வொரு குட்டியும் கூட்டத்துக்குள் பாய்ந்து சரியாகத் தன் தாயின் மடியில் போய் நிற்கும். ஆள் மாறிப் போகிற குட்டி உதை வாங்கும். அந்தக் குட்டிகளோடு குட்டியாக என் மகளும் ஓடி வருவாள். அந்த ஓட்டம் ஆட்டைப் பார்த்தா என்னைப் பார்த்தா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. தெரிந்துகொள்ளப் பயமாகவும் இருந்தது.

வீடியோவை அக்காவிடம் காட்டியபோது அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அன்னிக்கு மனை பாக்க ஒர்த்தன் வந்தான்ல, கூலிங் கிளாஸ் போட்டுகினு, அவன் வேலதான் இது. வேலி ஓரமா நின்னு போனப் புட்ச்சிகினு இருந்தான். நான் ஆட்டத்தான் படம் எடுக்கறான்னு நெனச்சேன்."

"சிறுத்தைன்னு சொல்லுதாங்கக்கா."

"என் செவலய பாத்தா சிறுத்த மாரியா கீது?" என்று ஆட்டுக்காக அவள் கோபித்துக்கொண்டாள். பிள்ளைக்காகக் கோபித்த மாதிரி தெரியவில்லை.

அதற்குள் என் போன் அடித்தது. மைனி, அதாவது என் கணவரின் அக்கா. சங்கரன்கோவில் பக்கம் இருக்கிறாள். இரண்டு பையன்களைப் பெற்று வளர்த்து ஹாஸ்டலுக்கு அனுப்பிவிட்டு, பெரிய வீட்டில் கை சும்மா இருக்க முடியாமல் இருப்பவள். என் மகள் பிறந்த நாளிலிருந்து, "பிள்ளைய எங்கிட்ட விடு" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்பாகத்தான் கேட்டாள். அதனால்தான் மறுப்பது கஷ்டமாக இருந்தது.

"ஏளா, அந்த மஞ்ச ஃப்ராக்கு நான் எடுத்துக் குடுத்ததுலா? வாத்துப் படம் போட்டது" என்றாள் எடுத்த எடுப்பில்.

"மைனி, அது சும்மா கட்டிவிட்டது. ஓநாய் எல்லாம் இல்ல."

"எங்க குரூப்புல புலின்னு போட்டிருக்கு."

"புலியும் இல்ல. ஓனர் அக்கா வீட்டு ஆடு."

"ஆடா. அது இன்னும் கேவலம்லா. புலின்னாலும் ஒரு மரியாதை இருக்கு" என்றாள். பிறகு, சனிக்கிழமை காலையில் வந்து இறங்குவதாகவும் போகும்போது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவதாகவும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அந்த வாரம் என் கணவருக்கு மதிய ஷிப்ட். அவரிடம் சொன்னேன். அவர் நல்ல மனுஷன், தன் அக்கா விஷயத்தில் மட்டும் வெண்ணெய். "அக்கா சொல்லுததுலயும் நியாயம் இருக்குல்ல. ஆறு மாசம் இருக்கட்டும். பேச்சு வந்ததும் கூட்டிட்டு வந்துருவோம்" என்றார். அன்றைக்கு அவர் தட்டில் குழம்பை ஊற்றாமல் சோற்றை மட்டும் வைத்தேன். என் கோபம் அவருக்குப் புரிந்தது. ஆனால் அக்காவுக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லுகிற தைரியம் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

மைனி சொன்னபடி சனிக்கிழமை காலையில், நான் வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் வந்து இறங்கினாள். ஒரு பை நிறைய முறுக்கு, சீடை, கருப்பட்டி. இன்னொரு பை காலி, அது பிள்ளையின் துணிக்கு. பட்டிக்குள் எட்டிப் பார்த்து, "ஏ தங்கம், அத்தை வந்திருக்கேம்லா" என்று இரண்டு கையையும் நீட்டினாள்.

மகள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ட்ர்ர்ர் என்றாள்.

"என்ன சொல்லுதா?"

"ஓரமாப் போன்னு சொல்லுதா மைனி" என்றேன். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க மைனி விடாமல் முயன்றாள். முறுக்கு கொடுத்தாள், மகள் அதை வாங்கி இரண்டாக ஒடித்து ஒரு பாதியைச் செவலைக் குட்டியின் வாயில் வைத்தாள். இடுப்பில் தூக்கினாள், மகள் நழுவி இறங்கிக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். மைனி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கட்டிலுக்கு அடியில் குனிந்து பாட்டெல்லாம் பாடினாள். பாட்டு நன்றாகத்தான் இருந்தது. முட்டு மட்டும் கிடைக்கவில்லை. என் மகள் யாரை முட்டுவாள் என்று நான் விளக்கியிருந்ததால் மைனிக்கு அது ஒரு குறையாகவே இருந்தது. அடிக்கடி தன் நெற்றியைத் தொட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் நான் பட்டி ஓரத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள்.

"உன்னக் குறை சொல்லல ளா. வேலைக்குப் போற, நீதான் என்ன செய்வ. ஆனா ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாத. பிள்ளைக்கு உன்னையத் தெரியாது. நேத்து சாயங்காலம் பாத்தேன். ஆடு வருது, பின்னாலயே நீ வார. அவ ஆட்டப் பாத்து ஓடி வாரா. நீ உன்னையப் பாத்து ஓடி வாரான்னு நினைச்சுக்கிடுத."

வேறு என்ன சொல்லியிருந்தாலும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். பேசுவதில் நான் குறைந்தவள் இல்லை. ஆனால் நான் யாரிடமும் சொல்லாததை அவள் அப்படியே எடுத்து முன்னால் வைத்துவிட்டாள். கையிலிருந்த சின்னச் சட்டையை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன்.

எனக்காகப் பேசியது ஓனர் அக்காதான். தழையை வெட்டிக்கொண்டே சொன்னாள். "ஆடு கூடத்தான் காலைல மேய போவுது. சாயங்காலம் மடி நெறய பாலோட வருது. குட்டி இங்க கீது. அந்த ஆட்ட யாராச்சும் கேள்வி கேக்கறாங்களா?"

"ஆட்டுக்குட்டி பேச வேண்டாம். பள்ளிக்கூடம் போக வேண்டாம். பிள்ளைக்கு அதெல்லாம் வேணும்லா" என்றாள் மைனி.

அக்கா அடுத்த தழைக் கட்டை இழுத்துப் போட்டுக்கொண்டாள். எனக்கும் அதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. மைனி உள்ளே போய்க் காலிப் பையில் பிள்ளையின் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் பயணம் என்று முடிவாயிற்று. கிளாம்பாக்கத்தில் இரவு பஸ். நான் லீவு கேட்டேன். சூப்பர்வைசர், "மாசக் கடைசி டிஸ்பேட்ச், நீயே இப்படிக் கேட்டா எப்படிம்மா" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். வேலைக்குப் போனேன். அன்றைக்கு லைனில் டேப் சுற்றிய சுற்றில், குவாலிட்டி பார்க்கிற பெண் வந்து கொத்தைத் தூக்கிப் பார்த்து, "வயருக்கு மூச்சு முட்டுதுக்கா, யார் மேல கோவம்?" என்று கேட்டாள். மதுரைக்காரி மட்டும் ஏதோ சரியில்லை என்று கண்டுபிடித்தாள். சாப்பாட்டு நேரத்தில் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன், வீடியோவில் இருப்பது என் மகள் என்பதையும் சேர்த்து. பாவி என்று சொன்னதற்காக அவள் தன் அப்பளத்தை எடுத்து என் தட்டில் வைத்தாள்.

சாயங்காலம் எங்கள் ஸ்டாப்பில் மூன்று கம்பெனி பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றன. எல்லாம் ஒரே கம்பெனி, எல்லாருக்கும் ஒரே நீலச் சட்டை. லாரிகள் கிளப்புகிற புழுதிக்குப் பயந்து இறங்குவதற்கு முன்பே எல்லாரும் துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொள்வோம், கண் மட்டும்தான் வெளியே தெரியும். கல்யாணமான புதிதில் ஒரு நாள் என் கணவரே வேறொரு பெண்ணிடம் டிபன் பையைக் கொடுத்துவிட்டு அசடு வழிந்திருக்கிறார்.

என் சீட் கடைசி வரிசை. இறங்க முடியாமல் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ரோட்டோரச் சின்னப் பாலத்தின் கட்டைச் சுவர் மேல் இரண்டு பைகள். பக்கத்தில் மைனி, இடுப்பில் என் மகள், அதே மஞ்சள் ஃப்ராக். விடைபெற்றுக்கொண்டு போகலாம் என்று வந்திருந்தாள். எங்களுக்கு முன்னால் நின்ற பஸ்ஸிலிருந்து பெண்கள் இறங்க இறங்க மைனி ஒவ்வொரு முகத்திரையாக உற்றுப் பார்த்தாள். பிறகு என் உயரத்தில் இருந்த ஒருத்தியிடம் போய், "இந்தா ளா, உன் பிள்ளையக் கொஞ்சிக்கோ, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று குழந்தையை நீட்டினாள். அந்தப் பெண் திகைத்துப் பின்வாங்கினாள். மைனி அவள் வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டு இன்னும் நெருங்கி நீட்டினாள். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ட்ர்ர்ர் என்று அந்தப் பெண்ணை விரட்டினாள்.

நான் இறங்கிவிட்டேன். கூப்பிட்டிருக்கலாம். பஸ் படி ஓரமாகவே நின்றுவிட்டேன். அந்த நேரம் பார்த்து ஏரிக்கரைப் பக்கத்திலிருந்து ஓனர் அண்ணன் ஆடுகளை ரோட்டைத் தாண்டி ஓட்டிக்கொண்டு வந்தார். பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். நீலச் சட்டைக்கும் பழுப்பு முதுகுக்கும் நடுவில் மகள் மைனியின் இடுப்பிலிருந்து திமிறி இறங்கினாள்.

இதோ ஆட்டின் பின்னால் ஓடப் போகிறாள், மைனி பார்க்கப் போகிறாள், நானும் பார்க்கப் போகிறேன். அதற்கப்புறம் எந்த வாயை வைத்துக்கொண்டு பிள்ளையை விடமாட்டேன் என்று சொல்வது?

செவலைக் குட்டியின் தாய் அவளிடம் வந்து நின்றது. மகள் அதன் காதைப் பிடித்தாள். அது கன்னத்தை ஒரு நக்கு நக்கியது. பிறகு அவள் காதை விட்டுவிட்டாள். ஆடு தன் குட்டியைத் தேடி வீட்டைப் பார்த்துப் போயிற்று, மந்தையும் கூடவே போயிற்று. இவள் போகவில்லை. எத்தனையோ கால்களுக்கு நடுவில் நின்று, மூக்கைத் தூக்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். பிறகு இரண்டு காலில், அடி மேல் அடி வைத்து, ஒருத்தியைத் தாண்டி, இன்னொருத்தியைத் தாண்டி நேராக வந்தாள். நான் கையை நீட்டவில்லை, முகத்தை மூடிய துணியையும் எடுக்கவில்லை. தலையைத் தாழ்த்தி என் முட்டியில் ஒரு முட்டு முட்டினாள். எப்போதும் முட்டுவதை விடக் கொஞ்சம் பலமாகவே இருந்தது.

வாசத்தால் கண்டுபிடித்தாளா, நடையா, செருப்பா, எனக்குத் தெரியாது. தூக்கி வைத்துக்கொண்டு துப்பட்டாவுக்குள்ளேயே அழுதேன். அவள் துப்பட்டா நுனியை மென்றுகொண்டிருந்தாள்.

மைனி புழுதியில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆளை மாற்றிப் பிள்ளையை நீட்டினாளே, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணும் போகாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கே தெரியலியே ளா. இவளுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றாள் மைனி.

மைனி அந்தக் கட்டைச் சுவரில் உட்கார்ந்தாள். பிள்ளையின் பையை இழுத்து ஜிப்பைத் திறந்தாள். சட்டைகள், ஜட்டிகள், ஸ்வெட்டர், கொலுசு டப்பா என்று ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் கொடுத்தாள். கை நிறைந்ததும் பையையே என் தோளில் மாட்டிவிட்டாள். "பேச்சு வரலைன்னா டாக்டர்ட்ட காட்டணும். சும்மா இருந்துறக் கூடாது" என்றாள். சரி என்றேன். அதில் அவள் சொன்னது சரிதான், அடுத்த வாரமே காட்டவும் செய்தோம். காது நன்றாகக் கேட்கிறது, அவளிடம் நிறையப் பேசுங்கள் என்றார் டாக்டர். இப்போது ஓனர் அக்கா தழை வெட்டும்போதெல்லாம் ஆடுகளை விட்டுவிட்டு இவளிடம்தான் ஊர்க்கதை பேசுகிறாள். என் மகள் முதலில் பேசப் போவது "இன்னா"வாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஸ்டாப்பில் டவுன் பஸ் வந்து நின்றது. மைனி தன் பையைத் தூக்கிக்கொண்டு, பிள்ளையின் கன்னத்தைத் தொட்டாள். "வாரேன் தங்கம்" என்றாள். மகள் அவளையே பார்த்தாள். பிறகு என் இடுப்பிலிருந்து முன்னால் சாய்ந்து தலையைத் தாழ்த்தினாள். மைனிக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும், கண்டக்டர் விசில் அடிப்பதையும் பொருட்படுத்தாமல், குனிந்து நெற்றியைக் காட்டினாள்.

ஒரே முட்டு. மைனியின் குங்குமம் கலைந்து பாதி என் மகளின் நெற்றிக்கு வந்துவிட்டது. அதைத் துடைக்காமல் அவள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, வளைவு திரும்புகிற வரைக்கும் கையை ஆட்டிக்கொண்டே போனாள்.

போன வாரம் சொந்தக்காரர்கள் குரூப்பில் யாரோ அந்த வீடியோவை மறுபடி போட்டிருந்தார்கள். இந்தத் தடவை கரடி. நான் ஏதாவது எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே மைனியின் வாய்ஸ் மெசேஜ் வந்து விழுந்தது. என் கணவரும் நானும் போனை நடுவில் வைத்துக் கேட்டோம்.

"அது கரடியும் இல்ல, புலியும் இல்ல. என் தம்பி பிள்ள. ஆட்டுப்பட்டியில வளருதா. ஆயிரம் பேரு மூஞ்சிய மூடிக்கிட்டு நின்னாலும் அவ அம்மைய அவளுக்குத் தெரியும். நான் கண்ணால பாத்தேன். இனி எவனாவது இத அனுப்புனா நேர்ல வந்து முட்டுவேன்."

அதற்கப்புறம் குரூப்பில் அந்த வீடியோவை யாரும் போடவில்லை.